பாலையா ‘கேட்கிற’ காட்சி மேடையில் எடுபட மாட்டேங்குது, என்ன செய்யலாம்?

அரங்கம்_2 கேட்டது:

வணக்கம். கல்லூரி ஆண்டு விழாவுக்குப் பழைய படங்களின் நகைச்சுவையை வைத்து நாற்பது நிமிட நிகழ்ச்சி ஒன்று தயாராகிறது. அதில் முக்கியமானது ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க் கதை சொல்ல டி.எஸ். பாலையா உட்கார்ந்து கேட்பாரே, அந்தப் பாணியில் ஒரு காட்சி. வசனம் அதே வசனம் இல்லை, கதையைப் புதிதாக எழுதியிருக்கிறோம். கதை சொல்லும் பையன் பிய்த்து உதறுகிறான். கேட்கும் பையன்தான் பிரச்சினை. கண்ணை உருட்டுகிறான், நடுங்குகிறான், நாற்காலியிலிருந்து விழக்கூடச் செய்கிறான். சிரிப்பு வரவில்லை.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். பாலையா அந்தக் காட்சியில் அப்படி என்னதான் செய்கிறார்? அவருடைய மற்ற படங்களில் பையன்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டியவை எவை (ஐந்தாறு போதும், மொத்தமும் பார்க்க நேரமில்லை)? ‘ஒருநாள் போதுமா’ பாட்டையும் ‘தில்லானா மோகனாம்பாள்’ தவிலையும் சேர்க்க ஆசை. சங்கீதமே தெரியாத பையன்களை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியுமா?

பழையகொட்டகை:

உங்கள் பையன் பயந்தவனாக நடிக்கிறான். பாலையா அந்தக் காட்சியில் பயப்படாதவராக நடிக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தப் பாத்திரத்தை ஒரு நிமிஷம் யோசியுங்கள். விஸ்வநாதன் எஸ்டேட் முதலாளி. கதை சொல்வது பெற்ற மகன் செல்லப்பா, அதுவும் வேலைவெட்டி இல்லாமல் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று படக் கம்பெனி வைத்துக்கொண்டு அப்பாவிடம் பணம் கறக்கப் பார்க்கிற மகன். அவன் முன்னால் பயந்ததாகக் காட்டிக்கொள்வது மானக்கேடு. அதனால் உள்ளே கிலி ஏற ஏற, முதலாளித்தனம் கழன்று விழாமல் பிடித்து வைக்கப் பார்க்கிறார். அந்தப் பிடி நழுவுகிற இடங்களில்தான் சிரிப்பு. பிடிக்க ஒன்றுமே இல்லாமல் முதல் வரியிலேயே நடுங்கினால் நழுவுவதற்கு என்ன இருக்கிறது?

ஒத்திகையில் இப்படிச் செய்து பாருங்கள். கதையை ஆறு கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் கேட்பவனுக்குக் கதையில் அக்கறையே இல்லை, சீக்கிரம் முடித்தால் சரி என்ற முகம். இரண்டாவதில் கொஞ்சம் காது கொடுக்கிறான், கை வேலையை நிறுத்துகிறது. மூன்றாவதில் உடம்பு அசையாது, கண் மட்டும் சொல்பவன் போகிற பக்கமெல்லாம் போகும். நான்காவதில் முதல் சறுக்கல், உடனே ஒரு கனைப்புப் போட்டுச் சமாளிப்பான். ஐந்தாவதில் சமாளிக்கப் போய் மாட்டிக்கொள்வான். ஆறாவதில்தான் மொத்தமாக உடைய வேண்டும். அதுவரை நாற்காலியை விட்டு எழக் கூடாது. கீழே விழுவதும் வேண்டாம். விழுந்துவிட்டால் அதற்கு மேல் காட்ட ஒன்றுமில்லை, காட்சி அங்கேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று: கேட்பவன் சபையைப் பார்க்கவே கூடாது. ‘எப்படிப் பயப்படுகிறேன் பார்த்தீர்களா’ என்று முன்வரிசையைப் பார்க்கும் பையன் இருந்தால் அந்தக் காட்சியைத் தூக்கிவிடுவதே நல்லது. அவன் பார்வை முழுக்கச் சொல்பவன் மேல், அல்லது சொல்பவன் கை காட்டிய வெற்றிடத்தின் மேல். பேய் இருக்கும் இடத்தைச் சபை அவன் கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். சொல்பவன் வலது மூலையைக் காட்டினால் இவன் கண்ணும் அதே மூலைக்குப் போக வேண்டும், கழுத்து அரை நொடி கழித்துத் திரும்ப வேண்டும். ஒத்திகையில் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டே பழக்கலாம்.

சொல்பவனுக்கும் ஒரு கட்டுப்பாடு. கதவு கிறீச்சிடுவது, நாய் ஊளை, காற்று எல்லாம் அவன் வாயிலிருந்தே வர வேண்டும். ரெக்கார்டில் உண்மையான ஊளையைப் போட்டால் சபைக்கும் லேசாகப் பயம் வரும், கேட்பவன் பயப்படுவது நியாயமாகிவிடும். வாயால் போடுகிற பொய்ச் சத்தத்துக்கு ஒரு எஸ்டேட் முதலாளி நடுங்குவதுதான் வேடிக்கை. ஒரு சத்தம் முடிந்து அடுத்த வரி தொடங்குமுன் இரண்டு எண்ணும் நேரம் விட வேண்டும். அந்த இடைவெளி கேட்பவனுடையது. நாகேஷின் வேகத்தை மட்டும் காப்பியடிப்பவர்கள் இந்த இடத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

தாமிரபரணி:

படப் பட்டியலுக்குப் போகுமுன் ஒரு விஷயம். பாலையாவைக் காமெடியன் என்று சொல்லிப் பையன்களுக்கு அறிமுகப்படுத்தாதீர்கள். என்.எஸ்.கே–மதுரம் மாதிரி கதைக்கு வெளியே தனி டிராக் போட்டுச் சிரிக்க வைத்தவர் இல்லை அவர். முக்கால்வாசி வாழ்க்கை வில்லன். சுண்டங்கோட்டையில் 1914இல் பிறந்தவர். முதல் படம் 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த ‘சதி லீலாவதி’. எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம், ஆனால் அதில் பெரிய வேஷம் பாலையாவுக்கு. அடுத்த வருஷம் ‘அம்பிகாபதி’யில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு எதிரே படைத்தலைவன் ருத்ரசேனன். இருபத்து மூன்று வயதில் அந்தக் காலத்து சூப்பர் ஸ்டாரோடு வாள் சுழற்றியவர், 1964இல் பேய்க் கதை கேட்டு வெலவெலத்தார் என்றால் நடுவில் இருக்கிற இருபத்தேழு வருஷத்தைப் பார்க்காமல் புரியாது.

பார்க்க வேண்டியவை, என் வரிசையில்:

‘வேலைக்காரி’ (1949). அண்ணா எழுதியது. பாலையா இதில் வில்லன் இல்லை, கே.ஆர். ராமசாமியின் நண்பன் மணி. ஆத்திரத்தில் கத்தியைத் தூக்கும் நண்பனை உட்கார வைத்து, புத்தியால் பழிவாங்க வழி சொல்கிற வேஷம். நீளமான அடுக்கு வசனம் கோலோச்சிய காலத்தில் அதை எதிரே இருப்பவனிடம் பேசுகிற மாதிரியே பேசுகிறார். மேடை நடிப்பிலிருந்து சினிமா நடிப்புக்கு அவர் எவ்வளவு முன்கூட்டியே வந்துவிட்டார் என்பது இதில் தெரியும்.

‘தூக்கு தூக்கி’ (1954). வடநாட்டு சேட். ‘நம்பள், நிம்பள்’ என்று கொச்சைத் தமிழ் பேசிக்கொண்டே ஒரு குடும்பத்தைக் கெடுக்கிறவன். வேஷம் கெட்ட வேஷம், வருவது சிரிப்பு. இரண்டும் ஒரே மூச்சில் ஓடுவதை முதலில் இங்கே பார்த்துவிடுங்கள்.

‘மதுரை வீரன்’ (1956). பொம்மியைக் கட்டிக்கொள்ளத் துடிக்கும் நரசப்பன். கோழையான வில்லன் என்ற சரக்கைத் தமிழில் அவர் அளவுக்கு விற்றவர் இல்லை.

‘பாகப்பிரிவினை’ (1959). எஸ்.வி. சுப்பையா தம்பி, இவர் அண்ணன். தம்பி மேல் பாசம் கொட்டிக் கிடக்கும், வீட்டம்மா பேச்சைத் தட்டவும் முடியாது. சிரிப்பே இல்லாத வேஷம் என்பதால்தான் பையன்கள் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் இழுபடுகிற பெரிய மனுஷன் என்ற அதே எலும்புக்கூட்டைத்தான் பிற்பாடு நகைச்சுவைக்கு உடுத்திவிடுகிறார்.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) நீங்களே போட்டுக் காட்டுவீர்கள். பேய்க் கதையோடு நிறுத்தாமல், முத்துராமன் கிழவர் வேஷத்தில் பெரிய கோடீஸ்வரராக வந்து இறங்குகிற இடத்தையும் காட்டுங்கள். ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ என்று கோஷம் போட்ட ரவிச்சந்திரனை விரட்டிய அதே மனிதர், அந்தப் பையனுடைய அப்பா பணக்காரர் என்றதும் முதுகு வளைகிற வளைவைப் பாருங்கள். பணிவு என்ற பெயரில் பேராசையை நடிக்கிறார். வில்லனாக இருபது வருஷம் செய்த அதே பேராசைதான், ஆபத்து மட்டும் கழற்றப்பட்டிருக்கிறது.

‘ஊட்டி வரை உறவு’, ‘பாமா விஜயம்’ இரண்டும் 1967. முதலாவதில் மனைவிக்குத் தெரியாத பழைய உறவு தலைதூக்கி, மகன் சிவாஜியின் தயவில் காலம் தள்ளுகிற அப்பா. இரண்டாவதில் வரவுக்கு மேல் செலவு செய்து கடனில் மாட்டும் மூன்று மகன்கள், மூன்று மருமகள்களுக்கு நடுவே ஒரே நிதானஸ்தன். நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் ‘ஊட்டி வரை உறவு’. மறைக்கிற நடிப்பு உங்கள் காட்சிக்கு நேரடியாக உதவும்.

கமகம்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ‘ஒருநாள் போதுமா’ ஒப்பேற்றலாம். தவில் இன்னும் சுலபம். ஆனால் இரண்டுமே தப்பாகச் செய்தால் சங்கீதம் தெரியாதவர்களுக்குக்கூட உறுத்தும்.

பாட்டு முதலில். ‘திருவிளையாடல்’ (1965), கண்ணதாசன் பாட்டு, கே.வி. மகாதேவன் இசை, குரல் பாலமுரளிகிருஷ்ணா. மாண்டில் தொடங்கி தோடி, தர்பார், மோகனம், கானடா என்று போகிற ராகமாலிகை. அந்தந்த இடத்து வரிக்குள்ளேயே ராகத்தின் பெயர் ஒளிந்திருக்கும். உங்கள் பையன் முதலில் அதைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ராகம் மாறும் இடத்தில் ஹேமநாத பாகவதரின் (பாலையாவின் வேஷம்) திமிரும் ஒரு படி ஏறும். உட்காரும் தோரணை, சீடர்களைப் பார்க்கும் பார்வை, பாண்டியன் அவையை அளக்கும் பார்வை எல்லாம் அங்கங்கே மாறலாம். நடுவில் சும்மா ஆடிக்கொண்டிருக்கக் கூடாது.

வாயசைப்பில் எல்லோரும் செய்யும் பிழை, ஒவ்வொரு பிருகாவுக்கும் (வேகமாக உருளும் சுரங்களுக்கும்) தாடையை ஆட்டுவது. வெற்றிலை மெல்கிற மாதிரி இருக்கும். ‘ஆ’ என்று நீட்டும் அகாரத்தில் வாய் திறந்தபடி நிற்க வேண்டும், உள்ளே நாக்கும் தொண்டையும்தான் வேலை செய்யும். சங்கதியின் வளைவைத் தலையும் வலது கையும் காட்டட்டும். பாலையாவின் கையைப் பாருங்கள், காற்றில் எதையோ பிழிந்து இழுப்பது போலப் போகும். உண்மையான பாகவதர்களிடம் பார்க்கிற அங்கசேஷ்டைதான், ஒரு இழை கூட்டியிருக்கிறார். ஒரு முழம் கூட்டியிருந்தால் கேலிச்சித்திரமாகி, அவையே நடுங்குகிற வித்வான் என்பதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பாட்டு கேலிக்குரியது இல்லை, பாடுகிறவனின் கர்வம்தான் கேலிக்குரியது.

பயிற்சி முறை: முதல் நாலைந்து நாள் பாட்டை ஓடவிட்டுப் பையன் உரக்கக் கூடவே பாட வேண்டும். அபசுரமாக இருந்தாலும் பரவாயில்லை. உதட்டை மட்டும் அசைத்துப் பழகினால் கழுத்து நரம்பும் மார்பும் அசையாது, ஏமாற்று என்று உடனே தெரிந்துவிடும். மூச்சு எடுக்கும் இடங்களைத் தாளில் குறியுங்கள், பாலமுரளி மூச்சு விடும் இடத்தில்தான் இவனும் விட வேண்டும். தொடையில் தாளம் தட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். வாயசைப்புப் பிசகினால் மன்னிப்பார்கள், தாளம் பிசகினால் பின்வரிசையில் இருக்கும் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார்.

முழுப் பாட்டும் வேண்டாம். பல்லவியும் கடைசி இரண்டு ராகமும் போதும், மிச்ச நேரத்தை இரவுக் காட்சிக்குக் கொடுங்கள். விறகுவெட்டி திண்ணையில் ‘பாட்டும் நானே’ பாட, அது பாண்டியன் அவைப் பாடகர் பாணபத்திரர் தகுதியில்லை என்று கழித்துவிட்ட ஆள் பாடுகிற பாட்டு என்று தெரிந்து ஹேமநாதர் ஊரை விட்டே கிளம்புகிறார். பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் இது ‘விறகு விற்ற படலம்’. பாலையாவுக்கு இங்கேயும் வேலை கேட்பதுதான். பேய்க் கதை கேட்டவருக்கு அடி வெளியிலிருந்து, இவருக்கு உள்ளிருந்து. கர்வம் இறங்கும் முகத்தில் பொறாமை கிடையாது. நல்ல பாட்டை நல்ல பாட்டு என்று அறிகிற வித்வானின் காது தெரியும். அதனால்தான் அந்த ஆள் மேல் நமக்குக் கோபம் வருவதில்லை.

தவில்: ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), பாலையாவின் வேஷம் முத்துராக்கு. நாதஸ்வரம் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள். தவிலில் வலந்தலையை (வலப்பக்கத் தோலை) விரலால் வாசிப்பார்கள், தொப்பியில் (இடப்பக்கத்தில்) இடக்கைக் குச்சி. பையன்கள் இரண்டு கையிலும் குச்சி பிடித்தால் அது பம்பையோ வேறு எதுவோ ஆகிவிடும். வலக்கை விரல்களில் கூடு மாட்டியிருக்க வேண்டும். பசையும் துணியும் சுற்றிக் காயவைத்துச் செய்வது அது. மேடைக்கு வெள்ளை பிளாஸ்திரியை விரல் நுனியில் நாலு சுற்றுச் சுற்றினாலே தூரத்துக்குச் சரியாக இருக்கும். நிஜத் தவில் நல்ல கனம். உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி அமைத்துக்கொள்ளுங்கள். தட்டில் கை படாமல் ஒரு விரற்கடை மேலேயே நிறுத்தப் பழக்குங்கள், இல்லாவிட்டால் ரெக்கார்டும் நிஜச் சத்தமும் மோதும்.

‘நலந்தானா’வில் பத்மினி ஆடியபடியே கேட்கும் கேள்வி சிவாஜியின் காயம்பட்ட கைக்கு. அது புரிந்து உருகிப் போகிறவர் பக்கத்தில் தவிலோடு இருக்கும் பாலையா. கை லயத்தில் இருக்க முகம் மட்டும் கரைய வேண்டும். இதைப் புதுப் பையன்களுக்குக் கொடுக்காதீர்கள். அதே படத்து ரயில் பெட்டிக் காட்சி மாதிரி, இரண்டு பேர் கண்ணால் பேசிக்கொள்வதை மூன்றாமவர் கண்டும் காணாமல் இருப்பது போதும்.

அரங்கம்_2:

மிக்க நன்றி. ஆறு கட்டமாகப் பிரித்து ஓட்டிப் பார்க்கிறோம். இன்னும் ஒரு சந்தேகம். எங்கள் அரங்கம் பெரியது, ஐந்நூறு இருக்கை. படத்தில் பாலையாவின் முகம் க்ளோஸப்பில் தெரிகிறது. இங்கே பத்தாவது வரிசைக்குப் பின்னால் கண் எப்படித் தெரியும்? வாயால் போடும் சத்தத்துக்கு மைக் எப்படி வைப்பது?

ஒலிப்பெட்டி:

கண் தெரியாது, அதை ஒப்புக்கொண்டு வேலை செய்யுங்கள். முகத்தில் இருப்பதைக் கைக்கும் காலுக்கும் இறக்க வேண்டும். தோளில் ஒரு துண்டு கொடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் விசிறிக்கொள்வான், நடுவில் மடியில் முறுக்குவான், முடிவில் முகத்தைத் துடைப்பான். வெளிர் நிறத் துண்டாக இருந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும். கால்: முதலில் கால் மேல் கால், பிறகு இரண்டு காலும் தரையில், பிறகு தரையை விட்டு மேலே. இந்த மூன்றும் கண்ணை விடத் தூரம் போகும்.

நாற்காலியைச் சபைக்கு நேராகப் போடாதீர்கள், முக்கால் பக்கம் திரும்பியிருக்கட்டும். சொல்பவன் நாற்காலிக்குப் பின்னால் போகும்போது கேட்பவன் முகம் தானாகவே சபைப் பக்கம் வரும். மேடையின் க்ளோஸப் அதுதான், எனவே முக்கியமான இரண்டு சத்தங்களைப் பின்னால் நின்று போடச் சொல்லுங்கள். விளக்கை மங்க வைக்கும் ஆசை வரும். வேண்டாம். முன்பக்கத்திலிருந்து நல்ல வெளிச்சம் இருக்கட்டும். இருட்டில் பேய்க் கதை சொன்னால் பயம், பளீரென்ற கூடத்தில் சொன்னால் சிரிப்பு.

மைக்: காலர் மைக் என்றால் நெஞ்சில் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, நடுவில் இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். ‘ஃபூ’ என்று காற்றுச் சத்தம் போடும்போது மூச்சு நேராக மைக்கில் அடித்தால் ஸ்பீக்கரில் வெடிக்கும், பஞ்சுறை கட்டாயம். தலையில் மாட்டுவது என்றால் வாய்க்கு முன்னால் வராமல் கன்னத்து ஓரத்தில் நிற்க வேண்டும். ஊளை பேச்சை விடப் பல மடங்கு உரக்க வரும். ஒலிச் சோதனையில் பேச்சை வைத்து அளவு பிடித்துவிட்டு, ஊளையை நிகழ்ச்சியில்தான் முதல் முறை கேட்பார்கள். பாதி இடங்களில் கீச்சென்று ஃபீட்பேக் வருவது இதனால்தான். சோதனையிலேயே இருப்பதில் பெரிய சத்தத்தைப் போட்டு அளவு வையுங்கள். கேட்பவனுக்கும் தனி மைக் வேண்டும். கனைப்பு, ‘உம்’, மூச்சு இழுப்பு எல்லாம் அவன் வசனம்தான்.

பழையகொட்டகை:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ‘காதலிக்க நேரமில்லை’ கதையையே இந்தியில் 1966இல் ‘பியார் கியே ஜா’ என்று, தமிழில் இயக்கிய ஸ்ரீதரே எடுத்தார். நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. இரண்டு பேய்க் கதைக் காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள், ஒலியை நிறுத்திவிட்டு. கேட்கிறவர் முகத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே கதைக்கு இரண்டு பெரிய நடிகர்கள் வேறு வேறு இடத்தில் உடைவது தெரியும், உங்கள் பையன் தன் இடத்தைத் தானே தேர்ந்துகொள்வான். பாலையாவை அப்படியே நகலெடுப்பதை விட அது மேல்.

போட்டுக் காட்டும் பிரதியையும் கவனியுங்கள். இணையத்தில் கிடைக்கும் சில பதிவுகளில் அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியிருப்பார்கள். கை போய்விடும். துண்டு காமெடி வெட்டுகளில் காட்சியின் தொடக்கமும் இருக்காது, நாகேஷ் சத்தம் போடும் இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். அப்பா அக்கறையில்லாமல் வந்து உட்காருகிற முன்பகுதி இருக்கிற முழுப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.